கூரை தெரிகிற தூரம்

"எந்த மிருகத்தோட அம்மா நல்ல அம்மா?"

மூன்றாம் வகுப்பில் டீச்சர் இப்படி ஒரு கேள்வி கேட்டார். வருடம் 1986. நீலகிரியை இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது அந்த ஆண்டுதான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எங்களுக்குத் தெரிந்த உலகம் கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், தொழிலாளர் வீடுகளான லயம் நாலு வரிசை, ஒரு பிள்ளைக் காம்பரா, தகரக் கூரை போட்ட பள்ளிக்கூடம், அதற்கு மேலே சோலை. மழை பிடித்துவிட்டால் தகரச் சத்தத்தில் டீச்சர் பேசுவது காதில் விழாது. அன்றைக்கு மழை இல்லை, நல்ல குளிர்.

பிள்ளைக் காம்பரா என்றால் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். அந்தப் பெயர் எங்கள் சனம் இலங்கையிலிருந்து கொண்டுவந்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் மலையேறியவர்கள் நாங்கள். தட்டுமுட்டுச் சாமான்களோடு இந்த மாதிரிச் சொற்களும் வந்தன.

கேள்விக்கு எல்லோரும் கத்தினோம். கோழி, பசு, யானை, குரங்கு, பூனை. டீச்சர் ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதினார். பூனைதான் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போகிறது, குரங்குக் குட்டியோ தானே அம்மாவைப் பிடித்துத் தொங்குகிறது, ஆகவே குரங்கம்மா அவ்வளவு நல்ல அம்மா இல்லை என்று ஒருத்தி வாதாடினாள். குட்டி விழுந்தால் யார் பொறுப்பு என்று பெரிய சண்டை. இதே பூனையையும் குரங்கையும் வைத்து மார்ச்சால (பூனை) நியாயம், மர்க்கட (குரங்கு) நியாயம் என்று, கடவுள் பக்தனைக் காப்பது எப்படி என வைணவப் பெரியவர்கள் தென்கலை வடகலையாக வாதம் செய்திருக்கிறார்கள் என்று கல்லூரியில் தமிழ் படிக்கும்போது தெரிந்தது. எங்கள் வகுப்பு ஒன்றும் மட்டமான வகுப்பு இல்லை.

அடுத்த கேள்வி, "அப்ப கெட்ட அம்மா யாரு?"

குயில் என்றார்கள், காக்கா கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறதே. பாம்பு என்றார்கள். (ராஜநாகம் இலைகளைக் கூட்டிக் குவித்துக் கூடு கட்டி, முட்டைகளுக்குக் காவலாக அங்கேயே கிடக்கும். இது அன்றைக்கு டீச்சருக்கும் தெரியாது.) அப்போது கடைசியில் உட்கார்ந்திருந்த பையன் எழுந்தான்.

"கேளையாடு, டீச்சர். குட்டிய தனியா போட்டுட்டுப் போயிருச்சு."

சொல்லிவிட்டுப் பக்கத்தில் வைத்திருந்த சாக்குப் பையைத் திறந்தான். உள்ளே குட்டி.

கேளையாடு பேருக்குத்தான் ஆடு. சிறிய மான் வகை, பயந்தால் நாய் மாதிரிக் குரைக்கும். லயத்தில் ராத்திரி அந்தச் சத்தம் கேட்டால் மேட்டில் சிறுத்தை நடக்கிறது என்று கதவைச் சாத்துவோம். குரைப்பைக் கேட்டே வளர்ந்த நாங்கள் குட்டியைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு பூனை அளவு. காபிக்கொட்டை நிறத்தில் வெளிர்ப் புள்ளிகள். கத்தவில்லை, உதறவில்லை. கழுத்தை நீட்டித் தரையோடு ஒட்டிக் கிடந்தது. காய்ச்சல் என்றான் ஒருவன். பசி மயக்கம் என்றோம் நாங்கள். காலையில் தேயிலைக் காட்டு ஓரத்தில் உண்ணிச்செடிப் புதருக்குக் கீழே கிடந்ததாம். சுற்றி எங்கேயும் தாயைக் காணோமாம்.

ஒருத்தி ஓடிப்போய்ப் பிள்ளைக் காம்பரா ஆயாவிடம் ஒரு டம்ளர் பால் வாங்கி வந்துவிட்டாள். குட்டியின் வாயைப் பிளந்து ஊற்றப் போனபோது டீச்சர் போட்ட சத்தம் இன்னும் நினைவிருக்கிறது. அவர் அதட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"ஊத்தாத! மூச்சுக்குழாயில போயிரும்."

டீச்சர் பக்கத்து ஹட்டியை, அதாவது படகர் ஊரை, சேர்ந்த படகர். அவர் அப்பா எருமை மேய்த்தவர், காட்டு விஷயமெல்லாம் அவர் சொல்லித் தெரிந்ததுதான். மானம்மா குட்டியை ஒளித்து வைத்துவிட்டுத்தான் மேயப் போகும் என்றார். கூடவே நின்றால் அதன் உடம்பு வாசனைக்கே சிறுத்தையும் செந்நாயும் வந்துவிடும். பிறந்து சில நாளே ஆன குட்டியால் ஓடவும் முடியாது. அதனால் அசையாமல் கிடப்பது ஒன்றே அதற்குத் தற்காப்பு. தாய் வந்து பால் கொடுத்து, உடம்பெல்லாம் நக்கி, குட்டியின் மலத்தையும் மூத்திரத்தையும்கூட வாசனை இல்லாமல் நக்கித் துடைத்துவிட்டு மறுபடி தள்ளிப் போய்விடும்.

"அப்ப அந்தப் புதர் அதுக்குப் பிள்ளைக் காம்பராவா டீச்சர்?" என்று யாரோ கேட்டார்கள். யாரோ என்ன, நான்தான் கேட்டேன். என் தம்பிக்கு அப்போது எட்டு மாதம். அந்த நேரத்தில் அவன் பிள்ளைக் காம்பராவில் சாக்குத் தொட்டிலில் கிடந்தான்.

டீச்சர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "ஆமா" என்றார். அப்புறம் திரும்பி, பலகையில் 'கெட்ட அம்மா' என்று எழுதியிருந்ததை அழித்தார்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருந்தது. எங்கள் பாடப்புத்தகத்துக் குடும்பப் படத்தில் அப்பா பேப்பர் படிப்பார், அம்மா அடுப்படியில் இருப்பார். எங்கள் லயத்தில் அப்படி ஒரு அம்மாவும் கிடையாது. விடியுமுன் எழுந்து, ரொட்டி தட்டி வைத்துவிட்டு, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓடுகிறவர்கள்தான். மானைக் கெட்ட அம்மா என்று அவன் சொன்னபோது அடிவயிற்றில் ஏதோ செய்தது. ஏன் என்று எட்டு வயதில் சொல்லத் தெரியவில்லை.

மத்தியானம் டீச்சர் அந்தப் பையனையும் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். எடுத்த இடம் இதுதானா என்று மூன்று தடவை கேட்டார். பத்தடி தள்ளி வைத்தாலும் பரவாயில்லை, வேறு மலையில் வைத்தால்தான் தாய் தேடி அலையும் என்றார். குட்டியை இறக்கியதும் அது பழையபடி தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. நாங்கள் மறைந்து நின்று பார்க்க ஆசைப்பட்டோம், டீச்சர் விடவில்லை. நாம் நிற்கும்வரை அது வராது என்று நடக்க வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அந்த இடத்தில் குட்டி இல்லை. ரத்தம் இல்லை, ரோமம் இல்லை. சிறுத்தை தூக்கிட்டுப் போயிருக்கும் என்றான் பையன். "இருக்கலாம். அம்மா கூட்டிட்டுப் போயிருக்கவும் செய்யலாம். நமக்குத் தெரியாது" என்றார் டீச்சர். அம்மாதான் கூட்டிப்போனது என்று சொல்லியிருக்கலாமே என்று அவர்மேல் எனக்குக் கோபம். ரெண்டு ராத்திரி கழித்து மேட்டில் கேளையாடு குரைத்தபோது, தாய் இருக்கிறது, குட்டியும் இருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அது பயத்தில் குரைக்கிறது, தூங்கு என்றார் அப்பா.

நானும் டீச்சர் ஆகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதே மலையில்தான் வேலை. குட்டி கிடக்கிறது, குஞ்சு விழுந்திருக்கிறது என்று பிள்ளைகள் கொண்டுவருவது இன்றும் நிற்கவில்லை. பெரியவர்களும் போன் பண்ணிக் கேட்கிறார்கள். ஆகையால் கற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

மான் குட்டியோ முயல் குட்டியோ தனியாகக் கிடந்தால் நீங்கள் செய்ய வேண்டியது நடையைக் கட்டுவதுதான். அமைதியாகப் படுத்திருக்கும் குட்டி பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. கூட வந்த நாயைப் பிடித்துக் கட்டுங்கள், குட்டிகளுக்கு எமன் அதுதான். தாய் அருகிலேயே செத்துக் கிடந்தாலோ, குட்டிக்குக் காயம்பட்டு ஈ மொய்த்தாலோ, இடத்தை விட்டு எழுந்து கத்திக்கொண்டே அலைந்தாலோதான் விஷயம் வேறு. அப்போதும் பால் ஊற்றக் கூடாது. மான் பாலில் கொழுப்பும் சத்தும் மாட்டுப் பாலைவிட மிக அதிகம், மாட்டுப் பால் குடித்த குட்டிகள் வயிற்றுப்போக்கிலேயே போய்விடுகின்றன. ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாமல் வைத்துவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பாசத்தில் வீட்டில் வைத்து வளர்க்கலாம் என்று நினைக்க வேண்டாம், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அவசரப்பட்டுத் தூக்கி வந்துவிட்டீர்களா? சரி, அன்றைக்கே எடுத்த இடத்தில் கொண்டுபோய் விடுங்கள். ஒரு தடவை கை பட்டதற்காகத் தாய் கைவிட்டுவிடுவதில்லை.

கை பட்டால் தாய் சேர்க்காது என்கிற பேச்சு பறவைகள் விஷயத்தில்தான் அதிகம். எங்கள் அப்பாயியும் சொல்வார், குருவிக் குஞ்சை மனுசன் தொட்டால் மற்ற குருவிகள் கொத்திக் கொன்றுவிடும் என்று. அப்படி இல்லை. மனுசன் கை வாசனை பட்டதற்காகப் பறவை தன் குஞ்சைக் கைவிடுவதில்லை. தேயிலைச் செடிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டும், கொழுந்து பறிக்கும் கை பட்டுக் குஞ்சு கீழே விழும். உடம்பில் இறகே இல்லாத குஞ்சானால் எடுத்துக் கூட்டில் வைத்துவிடலாம். கூடு பிய்ந்திருந்தால் ஒரு கொட்டாங்கச்சியில் காய்ந்த புல்லைப் போட்டு, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, அதே செடியில் கட்டிவிடுங்கள். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிற குஞ்சு விழவில்லை, அது பறக்கப் பழகுகிறது. தாயும் தகப்பனும் பக்கத்துக் கிளையில் உங்களைத்தான் திட்டிக்கொண்டிருக்கும்.

சிறுத்தைக் குட்டி என்றால் நம் ஆட்கள் புத்தி மாறிவிடுகிறது. தேயிலைக் காட்டில் கவாத்துக் கழிகளுக்கு நடுவே ரெண்டு குட்டி கிடந்தால் உடனே கையில் எடுத்துப் போட்டோ. தாய் இரை தேடிப் போயிருக்கிறது, இருட்டினால் வரும், வந்து வாயில் கவ்வி வேறு இடத்துக்கு மாற்றும். அன்றைக்கு அந்தக் காட்டில் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்வதுதான் முறை. ஒரு நாள் கொழுந்து போனால் போகட்டும். விவரம் தெரிந்த தோட்டத்துக் கண்டக்டர்கள் (வேலையை மேற்பார்க்கிறவர்கள்) இப்போது அப்படித்தான் செய்கிறார்கள்.

கரடியிடம் நான் நேராகவே பாடம் படித்தேன். பத்து வருடம் இருக்கும், விடிகாலை ஆறு மணி, மூடுபனி. குறுக்குப் பாதையில் பஸ்ஸுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். முப்பதடி முன்னால் ஒரு கற்பூர மரத்தடியில் முதுகு விசித்திரமாகப் புடைத்த ஒரு கரடி. புடைப்பு அசைந்தது. ரெண்டு குட்டி, மயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கரடி இனங்களிலேயே குட்டியை வழக்கமாக முதுகில் சுமப்பது நம் ஊர்க் கரடி மட்டும்தான். அந்தக் காட்சியின் அழகெல்லாம் வீட்டுக்கு வந்தபிறகு நினைத்துக்கொண்டதுதான். அங்கே நின்றபோது முழங்கால் ஆடியது. கத்தவில்லை, முதுகைக் காட்டி ஓடவில்லை. கண்ணை அதன்மேல் வைத்தபடியே மெள்ளப் பின்னால் நகர்ந்தேன். அது ஒரு தடவை உறுமிவிட்டு ஓடைப்பக்கம் இறங்கிப் போனது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் நான் இல்லாமல் போனது என் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து பனியில் நடக்கும்போது பேசிக்கொண்டோ, தட்டிக்கொண்டோதான் நடக்கிறேன். கரடிக்குக் கண் பார்வை குறைச்சல், நம் சத்தம் முன்கூட்டியே கேட்டால் அதுவே விலகிப் போய்விடும். வீட்டு வாசலில் பழக்கழிவையும் மீந்த சோற்றையும் கொட்டிவைத்துவிட்டுக் கரடி வருகிறது என்று புலம்புவதிலும் அர்த்தமில்லை.

குன்னூர் மலைப்பாதையில், பர்லியாறுக்கு மேலே, ஒரு குரங்கு செத்துக் காய்ந்த குட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்ததைப் பார்த்தேன். உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் படுக்க வைத்து ஈ ஓட்டியது. எங்கள் பஸ் வளைவில் நின்றிருந்த சில நிமிடம்தான் அது. குரங்குகள் இப்படிச் சில நாள் சுமப்பதுண்டு. குட்டி எப்படிச் செத்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதே வளைவில் ஒரு காரிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை வெளியே வீசினார்கள், நாலைந்து குரங்குகள் நடுரோட்டுக்கு ஓடின, அதில் ரெண்டு, வயிற்றைப் பிடித்துத் தொங்கும் குட்டியோடு. மலையேறி வருகிறவர்களே, தயவுசெய்து குரங்குக்கு எதுவும் போடாதீர்கள்.

யானை பற்றிச் சொல்லாவிட்டால் கூடலூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். வயிற்றில் ஏறத்தாழ இருபத்திரண்டு மாதம் சுமந்து பெறுகிற குட்டி. பெற்ற தாயோடு சித்தி, பெரியம்மா, அக்கா எல்லோருமாகச் சேர்ந்துதான் வளர்ப்பார்கள். பள்ளத்தில் விழுந்து பிரிந்த குட்டியைச் சேர்த்துவிடப் போகும்போது, மனித வாசனை தெரியாமலிருக்க அதன் மேல் யானைச் சாணத்தையும் சேற்றையும் பூசுவார்கள். சில சமயம் கூட்டம் சேர்த்துக்கொள்ளும், சில சமயம் சேர்த்துக்கொள்ளாது. சேராத குட்டி முகாமுக்குத்தான் போக வேண்டும். முதுமலைத் தெப்பக்காடு யானை முகாமில் ரகு, பொம்மி என்ற தாயில்லாக் குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியை, ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தால் இன்று எல்லோருக்கும் தெரியும். தாயின் வேலையை மனிதர்கள் செய்யப் புகுந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் இரண்டு பேர் கூடவே இருக்க வேண்டும்.

வகுப்புக்கு வருகிறேன். டீச்சர் கேட்ட அந்தக் கேள்வியை நானும் என் பிள்ளைகளிடம் ஆரம்பத்தில் சில வருடம் கேட்டேன். அப்புறம் நிறுத்திவிட்டேன். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் போன பிறகு எத்தனையோ அம்மாக்கள் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். மாதம் ஒருமுறை வருகிறார்கள், சிலர் பொங்கலுக்கு மட்டும். ஒரு வருடம் அன்னையர் தினத்துக்கு அம்மா பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னேன். ஒரு குழந்தை 'அம்மா போனில் இருப்பார்' என்று ஒரு வரி எழுதிவிட்டு நோட்டை மூடிவிட்டது. தப்பு என்னுடையது. ஆசிரியர்களாக இருப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. இப்போது நான் கேட்பது, "இந்தக் குட்டிய யாரெல்லாம் பார்த்துக்கிறாங்க?" என்று. செந்நாய்க் கூட்டத்தில் வேட்டைக்குப் போனவை திரும்பி வந்து குட்டிக்கும் காவலிருந்த துணைக்கும் இரையைக் கக்கிக் கொடுக்கும் என்று சொன்னால் பிள்ளைகள் 'ச்சீ' என்று முகம் சுளித்துவிட்டு, மறுபடி சொல்லுங்க டீச்சர் என்பார்கள். இருவாச்சிப் பறவையில் தாய் மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து ஒரு பிளவு வழியாக ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்டும். பட்டியல் நீளும்போது தாத்தா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று அவர்கள் வீட்டுப் பட்டியலும் தானாகவே வந்துவிடுகிறது. அந்தப் போன் குழந்தை, போன பருவத்தில், தாத்தா தலை சீவிவிடுகிறார் என்று எழுதியது. கோணல் வகிடு என்றும் எழுதியது.

அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கைவிரல் பத்திலும் கொழுந்துக் கறை படிந்து வெடித்த கோடுகள் இன்னும் போகவில்லை. கேளையாட்டுக் குட்டி கதையைப் பலமுறை கேட்டிருக்கிறார், பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை. போன மார்கழியில் உறைபனி கொட்டிய ஒரு ராத்திரி, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது நான்தான் கேட்டேன், தம்பியை விட்டுட்டுப் போகையில என்னம்மா நினைச்சுக்குவ என்று.

"நினைக்க எங்க நேரம்? பத்து மணிக்கு மார் கட்டிக்கும். மேஸ்திரி விடுற வரைக்கும் பறிச்சுக்கிட்டேதான் இருக்கணும். அப்புறம் ஒரே ஓட்டம்."

கொஞ்ச நேரம் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் எந்த வரிசையில நின்னாலும் காம்பராக் கூரை தெரியிற மாதிரிதான் நிப்பேன். மத்த பொம்பளைங்களும் அப்படித்தான். கூரை தெரியாத மலைக்கு அனுப்பினாங்கன்னா அன்னைக்கு நிறுவையில ரெண்டு மூணு கிலோ குறையும். மேஸ்திரி திட்டுவாரு. ஏன் குறையுதுன்னு அந்த ஆளுக்குக் கடைசி வரைக்கும் தெரியவே இல்ல."